ஒரு கம்பிக்கு ஒரு வசவு

அண்ணியின் சைக்கிளில் உட்கார்ந்தபடியே மாடிப்படியில் இறங்கிக் காட்டுவதாகக் கொழுந்தன் பந்தயம் கட்டினான். முன்சக்கரத்தின் ரிம் கோணிக்கொண்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்து வருவது அவள் வேலை. நாளைக் காலை எட்டு மணிக்குச் சைக்கிளோடு வராவிட்டால் அவளுடைய தெருக்கள் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

"சின்னப் பையன், விடேன்" என்றார் கணவர்.

"முப்பது வயசு சின்னப் பையன்! தொட்டில் ஒண்ணுதான் கட்டலை."

சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வியாழக்கிழமை வாம்மா."

"ரிம்மை மட்டும் குடுங்க. நானே போட்டுக்கறேன்."

"நீயா?" அவர் சிரித்தார். "கம்பியை மாட்டிடலாம். பெண்டு எடுத்து நேராக்கக் கை பழகணும்மா."

வீட்டுக்கு வந்து, பழைய ரிம்மோடு புது ரிம்மைச் சேர்த்துக் கட்டி, முப்பத்திரண்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மாற்றினாள். அதுவரை சரி. இறுக்கும்போதுதான் வாய் திறந்துகொண்டது.

"மாடிப்படியில இறங்கறானாம்!" ஒரு திருகு. "இவங்கப்பன் வாங்கிக் குடுத்த சைக்கிளா?" மூன்று திருகு.

"எங்கப்பாவை ஏன் இழுக்கற?" என்றார் கணவர்.

சுற்றிப் பார்த்தால், பழைய ரிம்மே தேவலாம். எங்கெங்கே கோபம் அதிகமோ அங்கெல்லாம் ரிம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கம்பிகளை எல்லாம் தளர்த்தினாள். கோபத்தை மட்டும் தளர்த்த முடியவில்லை. சரி, பங்கு போடலாம்: ஒரு கம்பிக்கு ஒரு வசவு, ஒரு வசவுக்கு அரைத் திருகு. தடியன், அரை. தறுதலை, அரை. பத்தொன்பதாவது கம்பியில் கொழுந்தனுக்கான சரக்கு தீர்ந்தது. அடுத்த ஐந்தைக் கடைக்காரருக்கும், அதற்கடுத்த நான்கை மேற்பார்வையாளருக்கும் கொடுத்தாள். கடைசி நான்கு கணவருக்கு.

சாக்பீஸை ரிம்மை ஒட்டிப் பிடித்துச் சுற்றினாள். உரசிய இடங்களில் கால் திருகு. பொழுது சாய்வதற்குள் சக்கரம் எங்கும் உரசாமல் ஓடியது.

"அண்ணி, பிரமாதம்! குடுங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்" என்று கொழுந்தன் வந்து நின்றான்.

பழைய ரிம்மை அவன் கழுத்தில் மாட்டினாள். "இதுல போ."

மறுநாள் எட்டடிக்க ஐந்து நிமிடம். மேற்பார்வையாளர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "கடையில போட்டதா?"

"வீட்ல சார். நான்தான்."

"அட! எப்படிம்மா?"

"நோட்டைக் குடுங்க சார், நேரமாச்சு" என்றாள். இருபத்தைந்தாவது கம்பியிலிருந்து நான்கு வசவு அவர் பங்கு.