மூன்றாம் மாடி ஏசியும் என் சூட்டுத் தட்டும்

ஆறு மாடிக் கட்டடத்துக்கு நான் மேனேஜர். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன். அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். "மோட்டார் போட்டா நிறுத்தணும்னு அங்க சொல்லித் தரலையா?" என்று கேட்பாள் என் மனைவி. வீட்டில் எனக்கு அவ்வளவுதான் மரியாதை.

கட்டடத்தில் மூன்றாம் மாடி ஏசி மட்டும் ஓய்வதே இல்லை. ஃபில்டரைக் கழுவினேன், ஜன்னல் இடுக்குகளை அடைத்தேன், பார்த்த சுவரிலெல்லாம் அறிவிப்பு ஒட்டினேன். மீட்டர் பாட்டுக்கு ஓடியது. யார் தலையிலாவது பழியைப் போட வேண்டுமே! அந்த மாடியைத் துடைக்கும் அக்கா கிடைத்தார். வியர்க்கும்போது அவர்தான் ஏசியைக் கூட்டி வைக்கிறார் என்று நானாக முடிவு கட்டி, லிஃப்ட் வாசலில் பத்துப் பேர் முன்னால் கத்தினேன். அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி முதலாளிக்குக் கடிதமும் கொடுத்தேன்.

மறுநாள் அதே மூன்றாம் மாடியில் இருந்த என் அறையைத் துடைக்க வந்த அக்கா, "சார், இந்தப் பெட்டி எப்பவும் சுடுது. கை வச்சுப் பாருங்க" என்றார்.

சுவரில் இருந்த அந்தப் பெட்டிதான் சூட்டைப் பார்த்து மாடி முழுக்க ஏசியை ஓட்டுவது. அதற்கு நேர் கீழே, என் டீ ஆறாமல் இருக்க நான் வைத்திருந்த மின்சாரச் சூட்டுத் தட்டு. நாள் முழுக்க அந்தச் சூட்டை வாங்கிய பெட்டி, மாடியே வேகிறது என்று நம்பியிருக்கிறது. தட்டின் வயரைப் பிடுங்கினேன். கால் மணி நேரத்தில் ஏசி அடங்கியது. என் மானமும் கப்பலேறியது.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "அப்போ கடிதத்துல யார் பேரைய்யா போடறது?" என்றார். கடிதத்தை வாங்கிக் கிழித்தேன்.

அக்காவிடம் வந்து, "வேலைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. மன்னிச்சிருங்க" என்று முணுமுணுத்தேன்.

"திட்டினது பத்துப் பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் தனியாவா சார்?"

சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் லிஃப்ட் வாசலில் நின்றேன். "ஏசி ஓடினதுக்கு இவங்க காரணமில்லை. நான்தான்" என்றேன். யாராவது சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை.

"கேட்டுக்கிட்டேன் சார்" என்று அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.