பாவு பிடித்த நகராட்சி

1974-ஆம் வருடம். ஆரணி நகராட்சி அலுவலகத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் வேலூர். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், எல்லாம் தெரிந்தவள் மாதிரி எப்போதும் கொஞ்சம் மிடுக்காகவே நடந்துகொள்வேன்.

அந்த வருடம் விலைவாசி ஏறிய ஏற்றத்தை அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. நகராட்சி மன்றம் கூடி ஒரு நல்ல முடிவெடுத்தது. தேவிகாபுரம் பக்கத்து விவசாயிகள் கேழ்வரகையும் காய்கறியையும் நேராக எங்கள் ஊர்த் தெருக்களுக்கே கொண்டுவந்து விற்கலாம். இடையில் தரகர் கிடையாது. சந்தைச் சுங்கம் கிடையாது. மாட்டு வண்டி வாடகையை நகராட்சியே கொடுத்துவிடும். கடையில் வாங்குவதைவிட நன்றாகவே மலிவு.

வண்டிகள் இரண்டுதான் கிடைத்தன. காலை ஆறரைக்கு ஒரு தெருவில் நிற்கும். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விடும். எந்தத் தெருவில் எப்படி விற்கிறது என்று பார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலை.

நெசவாளர் தெரு ஒன்றில் மூன்று நாள் போய் நின்றேன். வண்டி உள்ளேயே நுழைய முடியவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டுப் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். புடவையின் நீளவாட்டு இழைதான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் நீட்டி, கஞ்சி போட்டு நீவி, அறுந்த இழைகளை முடிச்சுப் போட வேண்டும். ஒரு வீட்டுப் பாவு என்றாலும் தெருவே கூடி நிற்கும். எங்கள் வண்டி தெருமுனையில் நின்றது. ஒருவரும் வரவில்லை. இரண்டு மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கல்யாணப் பட்டு நெய்கிறவர்கள், இவர்களுக்கு என்ன குறை என்று நானே முடிவு கட்டினேன். ‘இத்தெருவாசிகளுக்கு இவ்வசதி தேவைப்படவில்லை. வண்டியை வேறு தெருவுக்கு மாற்றலாம்’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டேன். நான்காம் நாளே வண்டி வேறு தெருவுக்குப் போய்விட்டது.

அன்று பத்து மணிக்கு ஒரு பெண் அலுவலகத்துக்குள் விறுவிறுவென்று வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையெல்லாம் கஞ்சி காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“எங்க தெருவுக்கு வண்டி வேணாம்னு யாருங்க எழுதினது?”

“நான்தான். மூணு நாளும் நீங்க யாருமே வரலியே?” என்றேன்.

“எப்படிங்க வர்றது? பாவு புடிச்சிகினு நிக்கறோம். கஞ்சி போட்டுட்டு அப்படியே உட்டுட்டு வந்தா, இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வெயில் ஏறதுக்குள்ள முடிக்கணும். உங்க வண்டிய பார்த்துகினே நின்னோம்மா, மூணு நாளும்.”

அவள் நிறுத்தவில்லை. “அரிசி வாங்கினா மொதல்ல பாவுக்குத்தான் கஞ்சி. மிச்சம் இருந்தாதான் புள்ளைங்களுக்கு. பட்டு நூல் வெல ஏறிப்போச்சு, எங்க கூலி ஏறலயே. ஒரு வேளதான் அடுப்பு எரியுது. அந்தக் கேவுறு கிடைச்சா ரெண்டு வேள கூழு ஊத்துவேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று நாளும் அந்தத் தெருமுனையில் நின்றேனே, உள்ளே பத்தடி நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்?

அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு சேர்மன் அறைக்குப் போனேன். “சார், அந்தக் குறிப்பு தப்பு. விசாரிக்காம நான் எழுதிட்டேன்” என்று சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“வண்டிய லேட்டா வரச் சொல்லலாமாம்மா?”

“சந்தைய உட்டுட்டா அந்த வெவசாயிங்க பொழப்பு போயிடும், வேணாங்க. நாங்க பையோட போய் வர்ற வரைக்கும் யாராச்சும் கோலை புடிச்சிகினா போதும். கஞ்சி நீவறவங்க நின்னுக்குவாங்க.”

பாவில் நடுநடுவே மூங்கில் கோல் செருகியிருப்பார்கள். அது சாயாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். சேர்மன் சிரித்துவிட்டார். “நம்ம ஆபீஸ்ல கோல் புடிக்கக்கூடவா ஆள் இல்ல?” என்றார். வண்டியை மறுபடி அந்தத் தெருவுக்கே அனுப்பச் சொன்னார்.

மறுநாள் ஆறரை மணிக்கு அந்தத் தெருவில் நகராட்சியே நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். பியூன், பில் கலெக்டர், இரண்டு கவுன்சிலர்கள், நான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்மனும் வந்துவிட்டார். அந்தப் பெண் தன் கோலை என் கையில் கொடுத்து, “ஏத்தாதீங்க, எறக்காதீங்க, அப்படியே நில்லுங்க” என்றாள். பையை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து ஓடினாள். தெருப்பெண்கள் எல்லாரும் அவள் பின்னால் ஓடினார்கள்.

கோல் பிடிப்பது சுலபமில்லை. ஐந்து நிமிடத்தில் தோள் வலித்தது. மூக்கு அரித்தது, சொறிய வழியில்லை. பில் கலெக்டர் தும்மினார், கோல் ஆடியது, இரண்டு இழை பட்டென்று அறுந்தது. “சார், தும்மறதுக்கு வரி போட்டுடுவோம்” என்றார் கஞ்சி நீவிக்கொண்டிருந்த ஒருவர். தெருவே சிரித்தது. சேர்மன் வேட்டியில் கஞ்சி தெறித்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எதிர்ப்பக்கம் அவர் நின்ற நேர்த்தியைப் பார்த்து, நானும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அவள் பை நிறையக் கேழ்வரகும் கத்தரிக்காயுமாகத் திரும்பி வந்தாள். அறுந்த இழைகளைக் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள். கோலை வாங்கிக்கொண்டு, “நாளைக்கும் வந்துடுங்க” என்றாள். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாளும் போனேன். விலை கொஞ்சம் இறங்கும்வரை, மாதக்கணக்கில், அலுவலகத்தில் முறை வைத்துக்கொண்டு போனோம். யாரும் உத்தரவு போடவில்லை. முறை வந்த நாளில் யாரும் லீவும் போடவில்லை.

பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன், எத்தனையோ திட்டங்களுக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். விலைவாசியைக் குறைக்கும் சக்தி ஒரு சின்ன ஊர் நகராட்சிக்கு ஏது? ஆனாலும் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வேளைக் கூழ் கிடைப்பதற்காக எங்கள் நகராட்சி காலை வெயிலில் அசையாமல் நின்றது, அந்த வரிசையில் நானும் ஒருத்தியாக நின்றேன் என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது.