திரையரங்கில் நான் சொன்ன ஸ்தோத்திரம்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பேய்ப் படமும் மாயமந்திரப் படமும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவளுக்குத் தடை போட்டவள் நான்தான். போன மாதம் ஒரு ஞாயிறு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஆராதனை முடிந்த கையோடு அவளைப் படத்துக்கு அழைத்துப் போனேன். பேய் இல்லை, முத்தக் காட்சி இல்லை என்று விசாரித்துத்தான் டிக்கெட் வாங்கினேன். வெட்டு, குத்து உண்டா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

படத்தின் முடிவில் வில்லன் மண்டியிட்டு, உயிர்ப்பிச்சை கேட்டு அழுதான். நாயகன் அரிவாளை வீசினான். தலை உருண்டது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. "ஆன்டி, காணிக்கைப் பை எப்ப வரும்லா?" என்றான் ஒருவன். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மகள் சிரிக்கவில்லை. காரில் ஏறியதும் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, அப்பா ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்பவும் இதையேதானே சொன்னீங்க?"

கிள்ளானில் எங்கள் வீட்டில் நுழைந்ததும் பலமுறை வாய் கொப்பளித்தேன். அருவருப்பு போகவில்லை. படத்தின்மேல் பழிபோடவும் முடியவில்லை. கத்தியது என் வாய்.

அடுத்த ஞாயிறு சபையார் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குச் சத்தம் வரவில்லை.