மூன்று தண்ணீரில் கழுவிய போன்

மச்சானின் போன் மருந்து வாளிக்குள் விழுந்தபோது நான் நாலு கொடி தள்ளி நின்றிருந்தேன். பெரிய சத்தம் இல்லை. நெல்லிக்காய் கிணற்றில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். எழுபது வயதை நெருங்குகிறார். ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் விதையில்லாத் திராட்சை போட்டிருக்கிறார். தோட்டத்துக்குள்ளேயே வீடு. நான் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கொடி வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் போகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொடிகளோடு நாள் முழுக்க இருந்துவிடுவேன். ஆட்களோடு பேசுவதுதான் எனக்கு வராது. போனில் பேசுவது அதைவிட மோசம்.

அக்கா இறந்து அன்றைக்கு முப்பத்தெட்டாவது நாள்.

காய் மிளகு அளவுக்கு வந்ததும் ஒவ்வொரு குலையையும் ஊக்கி மருந்தில் முக்கி எடுப்போம். அப்போதுதான் காய் நீளும். பந்தலுக்கு அடியில் நின்று, மருந்து உள்ள பிளாஸ்டிக் ஜக்கைக் கீழிருந்து ஏற்றி, குலை முழுகியதும் இறக்க வேண்டும். ஜக்கில் மருந்து குறைந்தால் குனிந்து வாளியில் மொள்ள வேண்டும். அண்ணாந்து பார்ப்பதும் குனிவதுமாக நாள் போகும். சட்டைப்பையில் என்ன இருந்தாலும் விழும். அதனால் மருந்து முக்குகிற நாட்களில் அக்கா காலையிலேயே மச்சானுக்கு முன்னால் கையை நீட்டுவாள். “போனக் குடுங்க” என்பாள். வாங்கிச் சோற்றுக்கூடையில் துண்டுக்கு அடியில் வைப்பாள். அன்றைக்கு யாரும் கையை நீட்டவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

மச்சான் கையை விட்டுப் போனை எடுத்தார். திரையில் வெளிச்சம் ஒரு தடவை வந்து போய்விட்டது. அவர் பதறவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனார். மருந்து பட்ட பொருளை மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போனது. ஸ்பிரேயரானாலும் ஜக்கானாலும் கை காலானாலும் மூன்று தண்ணீர். மச்சான் சிம்மை எடுத்து வேட்டியில் துடைத்து முடிந்துகொண்டார். மூடி, பேட்டரி, போன் மூன்றையும் தனித்தனியாகக் கழுவினார். இரண்டாவது தண்ணீரில் சோப்புத்தூளும் போட்டார். நான் பக்கத்தில் நின்று சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பேருக்குமே அது தப்பாகத் தெரியவில்லை. கழுவி முடித்ததும் கொடி கட்டுகிற சணலில் கட்டிப் பந்தல் கம்பியில் தொங்கவிட்டார். குலைகளுக்கு நடுவில் அதுவும் ஒரு குலையாகத் தொங்கியது. நாங்கள் வேலையைப் பார்த்தோம்.

சாயங்காலம் பேட்டரியைப் போட்டு அமுக்கினார். எதுவும் வரவில்லை.

ஏழு மணிக்கு என் போன் அடித்தது. திருப்பூரில் இருக்கும் அக்கா மகள். காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் அவள் தகப்பனாரைக் கூப்பிடுவாள்.

“மாமா, அப்பா போன் ஏன் ஆஃப்ல இருக்கு?”

“சார்ஜ் இல்லத்தா” என்றேன்.

“சார்ஜ் போட்டாச்சா?”

“ம்.”

அவள் மெதுவாகச் சொன்னாள்: “மாமா, அம்மா பந்தலுக்கு அடியில விழுந்து மூணு மணி நேரம் யாருக்கும் தெரியாமக் கெடந்துச்சு. அப்பாவையும் அப்பிடி விடச் சொல்றீகளா? நாளைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். அப்பாவே எடுத்துப் பேசணும். இல்லன்னா ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வந்துருவோம். தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு அவுகள இங்கன கூட்டிட்டு வந்துறேன்.”

பதினாறாம் நாள் காரியத்தன்றே அவள் அதைச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண்தான். மச்சானிடம் போய்ச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

“திருப்பூர்ல நான் என்ன செய்வேன் மாப்ள?” என்றார். “மூணாவது மாடி. சன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுச் சன்னல்.”

நானும் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சின்னமனூருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்தில் ஒரு அம்மா போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ரீசார்ஜ் செய்ய இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் பேசாமல் போனை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.

“தண்ணியில விழுந்துச்சா?” என்றார் அந்த அம்மா.

“தண்ணியில இல்லம்மா, மருந்துல” என்றார் மச்சான். “அப்பறமாத் தண்ணியில கழுவுனேன்.”

“என்னது, கழுவுனீகளா?”

“மூணு தண்ணியில. ரெண்டாந் தண்ணிக்கு சோப்புத்தூளு.”

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். “பெருசு, நீலம் போட்டீகளா இல்லையா?” என்று கேட்டார்.

“போனு கருப்புய்யா. வெள்ளைக்குத்தான் நீலம்” என்றார் மச்சான். கேலி என்று தெரிந்துதான் சொன்னார். முப்பத்தொன்பது நாளில் அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் பார்க்கவில்லை. கடைக்கார அம்மாவும் சிரித்துக்கொண்டே திருகுகளைக் கழற்றினார்.

“இதுக்கு மெனக்கெடுறதுக்கு ஒரு டச் போன் வாங்கிரலாம். இந்தாங்க, விரல வச்சுப் பாருங்க” என்று ஒரு புதுப் போனை நகர்த்தினார்.

மச்சான் ஆள்காட்டி விரலை வைத்தார். அது அசையவில்லை. இன்னொரு தடவை வைத்தார். பிறகு கட்டைவிரலால் அழுத்தினார்.

“அய்யோ, அமுக்காதீக! கண்ணாடி போயிரும். தடவணும்.”

“கன்னுக்குட்டியத் தடவுவேன். இதப் போயா?” என்றாலும் தடவிப் பார்த்தார். நாற்பது வருடம் கம்பி முறுக்கிய கை அது. விரல் நுனித் தோல் காய்த்துப்போய் மரப்பட்டை போல இருக்கும். போன் அந்த விரலைக் கண்டுகொள்ளவில்லை. மச்சான் விரலை ஒரு தடவை பார்த்தார். பிறகு புதுப் போனைத் திருப்பி நகர்த்திவிட்டார்.

“இது நமக்கு ஆகாதும்மா. அதையே பாரு.”

அந்த அம்மா பழைய போனின் உள்ளே லென்ஸ் வைத்துப் பார்த்தார். கழுவியது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்றாம். மருந்து உள்ளேயே காய்ந்திருந்தால் எல்லாவற்றையும் அரித்திருக்கும் என்றார். சோப்புத்தூள்தான் அங்கங்கே வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஏதோ ஸ்பிரிட்டை ஊற்றி, பிரஷால் தேய்த்து, சூடு காட்டினார். பேட்டரி உப்பிப்போய்விட்டது, மாற்றினார். பட்டன்களில் பாதி வேலை செய்யவில்லை. அந்தப் பட்டன் தகட்டையும் புதிதாகப் போட்டார். நாலு மணிக்குத் திரையில் வெளிச்சம் வந்தது. மச்சான் தலையை மட்டும் ஆட்டினார்.

“உள்ள இருந்த நம்பரு எல்லாம் அழிஞ்சிருச்சுய்யா. திரும்பப் போட்டுக்கங்க” என்று சொல்லி, பழைய பட்டன் தகட்டை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதில் இரண்டாம் எண்ணின் மேல் அக்கா ஒட்டிய அரக்கு நிறப் பொட்டு பாதி கிழிந்து ஒட்டியிருந்தது.

அந்தப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சானுக்கு எழுத்துத் தெரியாது. போனில் அவருக்கு நாலு பட்டன்தான். இரண்டை அழுத்திப் பிடித்தால் அக்காவுக்குப் போகும். மூன்று மகளுக்கு, நான்கு எனக்கு, ஐந்து கரண்ட் ஆபீஸ் லைன்மேனுக்கு. இரண்டு எது என்று கை தடவித் தெரிந்துகொள்வதற்காக அக்கா பொட்டு ஒட்டியிருந்தாள். தோட்டத்தின் மறுகோடியில் வேலை செய்யும்போது மச்சான் இரண்டை அழுத்துவார். வீட்டில் அக்கா போன் அடிக்கும். அவள் எடுத்துப் பேச மாட்டாள், கட் பண்ணுவாள். கட் ஆனால், கேட்டுவிட்டது, டீ வருகிறது என்று அர்த்தம். போன் பேசக் காசு ஆன காலத்தில் ஏற்பட்ட பழக்கம். காசு ஆகாத காலத்திலும் அப்படியே இருந்தது.

அவள் இறந்த அன்று மச்சான் உரம் வாங்கச் சின்னமனூருக்குப் போயிருந்தார். அங்கிருந்து இரண்டை அழுத்தினார். கட் ஆகவில்லை. முழுவதும் அடித்து நின்றது. கை கழுவிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு நான் நாற்காலி இறக்கினேன், வாசலில் போட்ட பந்தலுக்குக் கயிறு கட்டினேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அழவில்லை. அதன் பிறகும் இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியபோது ஐந்தரை மணி. வாசலில் உட்கார்ந்து என் போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அதில் ஏற்றினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பதால் எனக்கு நேரமாகும். மூன்றில் மகளைப் போட்டேன். நான்கில் என்னை, ஐந்தில் லைன்மேனை. பிறகு நிறுத்தினேன்.

“மச்சான், ரெண்டுல யாரப் போட?”

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“ரெண்டுல எப்பவும் இருக்குறதுதான்.”

“அக்கா போனு...”

“உள்ள அலமாரியில இருக்கு. சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்கேன்.”

போட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் அக்கா கழற்றி ஒட்டிவைத்த பொட்டுகள் நாலைந்து இருந்தன. அவற்றில் ஒன்றை நகத்தால் எடுத்து வந்திருந்தார். புது இரண்டின் மேல் வைத்து அமுக்கினார். போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தார். கடைசிக் கல்தூண் வரைக்கும் போயிருப்பார்.

வீட்டுக்குள் அலமாரியில் அக்கா போன் அடித்தது. சாதாரண மணிச் சத்தம்தான். நான் உள்ளே போய்க் கதவைத் திறந்தேன். அவளுடைய சேலைகளுக்கு மேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் ஒன்றுமே இல்லை, வெறுமையாக இருந்தது. ஆனால் இது முழுவதும் அடித்து நின்றுவிடக் கூடாது என்று மட்டும் பட்டது. சிவப்புப் பட்டனை அமுக்கிக் கட் பண்ணினேன்.

பிறகு அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டேன். வேறு என்ன செய்வது?

மச்சான் வந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

“சக்கரை அதிகம்” என்றார்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பச்சைப் பட்டனை அமுக்கினார்.

“ம். வீட்லதான். சாப்பிடணும் இனிமே. காய் நல்லா இருக்கு. இந்தா, மாமன்கிட்டப் பேசு” என்று என்னிடம் தந்துவிட்டார்.

“மாமா, நெசமாவே சார்ஜ்தான் இல்லையா? உண்மையச் சொல்லுங்க” என்றாள்.

பொய் சொல்ல அன்று எனக்குத் தெம்பு இல்லை. “மருந்து வாளியில விழுந்துருச்சுத்தா. ஒங்கப்பா அதக் கழுவிட்டாக. நான்தான் தண்ணி ஊத்துனேன். இன்னைக்கு ரிப்பேர் பண்ணிட்டு வந்தோம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே மாறிவிட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். “அம்மா இருந்தா வாங்கி வச்சிருக்கும்” என்றாள்.

“ஆமாத்தா.”

“இப்ப யாரு மாமா வாங்கி வைப்பா?”

மச்சான் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

“நான் வாங்கி வைக்கிறேன்” என்றேன். “தெனமும் காலையில வந்துருவேன். வேற தோட்டத்துக்குப் போனாலும் இங்கன வந்து பாத்துட்டுத்தான் போவேன். சாயங்காலமும் வருவேன்.” அவ்வளவு நீளமாக நான் போனில் பேசியதே இல்லை.

அவள் மூக்கை உறிஞ்சினாள். “சரி. காய் வெட்டுற வரைக்கும் அப்பா அங்கனயே இருக்கட்டும். வெட்டி முடியட்டும், அப்பறம் பாப்போம். ஒரு நாள் எடுக்கலன்னாலும் வந்துருவேன், சொல்லிட்டேன்.”

காய் வெட்ட இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. மச்சானிடம் சொன்னேன். “ம்” என்று சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போனார்.

மறுநாள் காலை மருந்து கலக்கி முடித்ததும் நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். கூச்சமாக இருந்தது. பெரியவருக்கு முன்னால் கையை நீட்டி எனக்குப் பழக்கமில்லை.

“போனக் குடுங்க மச்சான்” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். நான் அதைச் சோற்றுக்கூடையில் துண்டுக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு எட்டு வரிசை முக்கினோம்.