ரூபியக்காவின் துரை

ரூபியக்கா முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகுகிறார். காலையில் சர்ச் பூசைக்குப் போட்டுப்போன செருப்பு பைக்குள் போகிறது, கேன்வாஸ் ஷூ வெளியே வருகிறது. பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருக்கும் பேட்டரியை எடுத்து லாரியின் வயிற்றில் மாட்டுகிறார். "துரை பசியாறியாச்சு லா," என்கிறார்.

துரை என்பது முழங்கை நீளமுள்ள சிவப்பு பொம்மை லாரி. சக்கரங்கள் குண்டு குண்டாக இருக்கும், கையில் பிடிக்கும் விசைப்பெட்டியின் ரேடியோவில் ஓடும். புக்கிட் பாத்தோக்கில் அவர் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், எம்.ஆர்.டி. ரயிலுக்காகத் தோண்டிக் கொட்டிய செம்மண் மேட்டில்தான் ஞாயிறுதோறும் சவாரி. ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். "ஒரு வேலையும் செய்யாது. சவாரி மட்டும் போகும். வேற என்ன பேரு வைக்கிறது?"

பூன் லே பிஸ்கட் தொழிற்சாலையில் உடைசல் பொறுக்கும் வேலை அக்காவுக்கு. கோயில் சந்தைக் குலுக்கலில் லாரி விழுந்தபோது, யாராவது பையனுக்குக் கொடுத்துவிடு என்று ஊரே சொன்னதாம். கொடுக்கவில்லை. "அக்கா போட்ட சட்டை, அண்ணன் படிச்ச புக்குன்னே வளந்தேன். புதுசா என் பேருக்கு விழுந்தது இது ஒண்ணுதான். ஏன் குடுக்கணும்?"

மேட்டுக்கு வரும் ஆண்கள் தங்கள் வண்டியைத் தாங்களே திருகித் திருகிக் கட்டியவர்கள். பெட்டியைத் திறந்ததுமே ஓடும் துரையை 'டப்பா வண்டி' என்பார்கள். சொல்லிவிட்டு, அக்கா ஓட்டும்போது வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். லாரி வளைந்தால் அக்காவும் வளைவார், அது மேடு ஏறினால் இவர் குதிகால் உயரும். நானும் ஒருமுறை வாங்கி ஓட்டி, குப்புறக் கவிழ்த்தேன். அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் எரிகிறது. பஸ் ஓட்டுநரான கணவர் பெர்னார்ட் அலுத்துக்கொள்வார்: "நான் ஊரையே ஏத்திட்டு ஓட்டுறேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல. இவளுக்குக் கூட்டம் சேருது."

அந்த மேட்டில் யாரும் முதலில் வணக்கம் சொல்வதில்லை. "என்ன கலர்?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு ரேடியோவின் அலைவரிசைக்கும் ஒரு கலர்தான் பெயர். ஒரே கலரில் இரண்டு பேர் முடுக்கினால் யார் வண்டி யார் பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. கட்டிய வண்டிக்காரர்கள் கலரை மாற்றிக்கொள்ளலாம். துரைக்குப் பிறவியிலேயே மஞ்சள்.

போன ஞாயிறு ரவூப் என்கிற தபால்காரர் புதிதாக வந்தார். ஆறு மாதம் உட்கார்ந்து கட்டிய வண்டி கையில். சந்தோஷத்தில் கலர் கேட்காமலே முடுக்கிவிட்டார். அவருடையதும் மஞ்சள். அவர் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, துரை துள்ளிக்கொண்டு கிளம்பியது. தன் வண்டிதான் மக்கர் பண்ணுகிறது என்று அந்த மனுஷன் இன்னும் அழுத்த, துரை இன்னும் பறந்து, மழைத்தண்ணீர் ஓடிய பெரிய லோங்காங் கால்வாயில் விழுந்து மூழ்கியது.

அக்கா பூசைச் சேலையோடு இறங்கினார். மேலே ஃபேரர் பார்க் சைக்கிள் கடை ஹனீபா பாய் ரவூப்பைப் பிடித்துக்கொண்டார். அந்த மேட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "கலர் கேக்காதவனுக்கு இங்க இடமில்ல. வண்டியத் தூக்கிட்டுப் போ. இனிமே வராத." ரவூப் முகம் செத்துப்போய் வண்டியைப் பெட்டியில் வைத்தார்.

இடுப்புவரை நனைந்து அக்கா ஏறி வந்தார். லாரியைச் செய்தித்தாளில் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. விசையை அழுத்திப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை. இன்னொரு முறையும் அழுத்தினார். கோபம் வரவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வராம? ஓங்கி ஒண்ணு வைக்கணும்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து ரவூப்பிடம் போனார். "தம்பி, பெட்டிய எதுக்கு மூடுறீங்க?"

"பாய் போகச் சொல்லிட்டாரு, அக்கா."

"போனது பாய் வண்டியா, என் வண்டியா? நான் சொல்றேன், இருங்க. எடுங்க வெளிய. துரை காயுற வரைக்கும் மஞ்சள் சும்மாதானே கெடக்குது."

ஹனீபா பாய் தன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். ரவூப் வண்டியை எடுத்துத் தரையில் வைத்தார். விசைப்பெட்டியை வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றார். ஈரச் சேலை காலைத் தடுக்க அக்கா பக்கத்தில் போய், அவர் கையிலிருந்த பெட்டியின் ஏரியலை நுனிவரை இழுத்து நிமிர்த்திவிட்டார்.