கடலின் சத்தம் கேட்காத வீடு

பின்னேரம் நாலேகால் மணிக்கு, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்தபடி புதிதாக எழும்பியிருந்த மாடிக் கட்டடத்தின் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது அப்போதுதான். பளபளத்த சலவைக்கல் தரையைச் செருப்போடு மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. என்னையும் கழற்றச் சொன்னார்.

“அக்கா, இது கோயில் இல்லை. போட்டுக்கொண்டு வாங்கோ, சனம் சிரிக்கப்போகுது,” என்றார் மாமா. கனடாவிலிருந்து வந்திருந்த அவர், அந்தக் கட்டடத்தில் ஒரு வீடு வாங்கி, வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த எங்களைக் குடிவைக்க நினைத்திருந்தார்.

அம்மா வெட்கத்தோடு குனிந்து செருப்பை மாட்டியபோது நான் வெறுங்காலோடு லிஃப்டுக்குள் ஓடினேன். கதவு மூடிக்கொண்டது. எனக்கு ஏழு வயது. கை எட்டிய பொத்தான்களையெல்லாம் அழுத்தினேன்.

இறங்கிய மாடியில், வாங்க வருபவர்களுக்குக் காட்டவென்று ஒரு வீடு திறந்து கிடந்தது. நான் உள்ளே போனதும் கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பயம் வரவில்லை. குளிர்ந்த அறை, பாதம் புதையும் கம்பளம், சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு பக்கம் கோட்டைப் பகுதியின் பழைய கட்டடங்களும் துறைமுகமும் விளையாட்டுச் சாமான்கள்போலத் தெரிந்தன. கீழே ரயில் போனது, சத்தமில்லை. அலை அடித்தது, அதற்கும் சத்தமில்லை. எங்கள் வீட்டில் ரயில் போனால் அலுமாரிக் கோப்பைகள் கிலுகிலுக்கும். பக்கத்து வீட்டுச் சண்டை எங்கள் சாப்பாட்டு மேசைவரை வரும். பணக்காரர்கள் கடலையே வாய்மூட வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அங்கேயே இருந்துவிடலாம்போல இருந்தது.

அந்த நேரம் அம்மா மாடி மாடியாக ஏறி, என் பெயரைக் கூவி, கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தாராம். உள்ளே ஆட்கள் இருந்தும் ஒரு கதவும் திறக்கவில்லையாம்.

இப்போது என் மகள் அப்படியொரு வீட்டைப் போனில் காட்டி, “ஒரு சத்தமும் கேக்காதாம் அம்மா. உங்களுக்கு வயசுபோன காலத்தில நிம்மதி,” என்கிறாள். நான் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மயங்கி நின்றவள்தானே நான்.

கடைசியில் சாவியோடு காவலாளி வந்தார். அவருக்குப் பின்னால் மாமாவும் அம்மாவும். அடி விழும் என்று நின்றேன். அம்மா என்னை இறுக்கிப் பிடித்தார்.

“இவ்வளவு கத்தினன், உனக்குக் கேக்கேல்லையோ?”

“இல்லை,” என்றேன். அது உண்மை.

அம்மா மாமாவைப் பார்த்துச் சொன்னதை எனக்குக் கிடைத்த தண்டனை என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அதற்கு முந்திய வருடம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு நாள், அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிப்போகப் பொலிஸ்காரர் வந்தார்கள். அம்மா போட்ட கூச்சலில் எங்கள் ஒழுங்கைச் சனமே திரண்டு வந்தது. முன்வீட்டுச் சிங்கள மாமி வாசலை மறித்து நின்று கதைத்து அப்பாவை மீட்டார். இது ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது.

“தம்பி, வடிவான வீடுதான்,” என்றார் அம்மா. “ஆனா எங்களுக்கு வேண்டாமடா. இஞ்ச கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டினம்.”