இடது கையால் ஆடிய பிளிட்ஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் மாதக் குளிரில், ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்வதேச ரேபிட், பிளிட்ஸ் செஸ் போட்டி நடந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் உட்காரும் மேடையில் பெரிய ஆட்டக்காரர்களின் பலகைகள், கீழே எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையாக மேஜைகள். பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கி வந்துவிடலாம் என்பதால் வெளிநாட்டுக்காரர்களும் கணிசமாக வந்திருந்தார்கள். குளிருக்கு எல்லோருமே ஸ்வெட்டர், ஜெர்கின் என்று மூடிக்கொண்டிருந்தார்கள். அதனால் வலது கையை ஜெர்கின் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நான் நின்றதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அந்தக் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் கல்லாவி. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பிரஸ் மெஷினில் வேலை. தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். ஒரு நாள் தகட்டோடு சேர்த்து என் வலது கையின் நடு மூன்று விரல்களையும் வெட்டிவிட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. யார் தவறு என்றெல்லாம் பேச இப்போது எனக்குத் தெம்பில்லை. காயம் ஆறி வந்த பிறகு கம்பெனியில் என்னை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நான் இல்லாவிட்டாலும் அந்த ஸ்டோர் நடக்கும் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பாலிடெக்னிக் நாட்களிலிருந்தே எனக்குச் செஸ் பைத்தியம். லீவு போட்டுவிட்டுச் சேலம், தர்மபுரி என்று போட்டிகளுக்குப் போய் ஆடி ரேட்டிங்கும் வாங்கியிருந்தேன். விபத்துக்குப் பிறகு போனில் ஆட ஆரம்பித்தேன். அதற்கு இடது கட்டைவிரல் ஒன்று போதும். எதிரே ஆடுகிறவர்களுக்கு என் கை தெரியாது. அங்கே ஜெயிக்கும்போதெல்லாம் நான் பழைய ஆளாகிவிடுவேன். இந்தப் போட்டி நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் தயங்கித் தயங்கி வீட்டில் சொன்னேன். என் மனைவி செல்போன் அசெம்பிளி கம்பெனியில் லைனில் நிற்பவள். எதையும் சட்டென்று முடிவு செய்துவிடுவாள்.

"செஸ்ஸுக்குக் கை எதுக்குங்க? மூளை இருந்தா பத்தாதா? போயி ஆடிட்டு வாங்க" என்றாள்.

அதை நான் அப்படியே நம்பினேன். இந்தப் போட்டியில் மானம் போகாத அளவுக்கு ஆடிவிட்டால் போதும், விரல்தான் போயிற்று, நான் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். ஆட முடியாமல் போனால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம். அதை விட்டால் என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

பெயர் பதிவு செய்யும்போது உடல் குறைபாடு ஏதாவது உண்டா, உதவி தேவையா என்று கேட்டிருந்தார்கள். இல்லை, தேவையில்லை என்று போட்டேன். எல்லாரும் நிற்கிற வரிசையில் எனக்கு மட்டும் நாற்காலி கேட்பதுபோல ஆகிவிடுமே என்ற வீம்பு. அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.

முதல் நாள் ரேபிட். ஆளுக்குக் கால் மணி நேரம் இருக்கும் என்பதால் இடது கையாலேயே நிதானமாகச் சமாளித்தேன். ஆட்டத்துக்கு முன் கை குலுக்கும்போதுதான் சங்கடம். எதிரே இருப்பவர் வலது கையை நீட்டுவார், நான் இடது கையை நீட்டுவேன். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர் நான் ஏதோ திமிர் பிடித்தவன் என்று நினைத்திருக்க வேண்டும், நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பரவாயில்லை, திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொள்ளட்டும், அது பாவப்பட்டவன் என்று நினைப்பதைவிட மேல் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று பாதி ஆட்டங்கள் ஜெயித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நான் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் கோப்பையையே தூக்கி வந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள்.

மறுநாள் பிளிட்ஸ். மூன்று நிமிடங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக இரண்டே இரண்டு நொடி. இந்த வேகத்தில் செஸ் மூளையால் மட்டும் ஆடுவதில்லை, கையாலும் ஆடுவது. காயை எடுத்த கையாலேயே கடிகாரத்தையும் அடிக்க வேண்டும். எதிராளியின் காயை வெட்டினாலும் ஒரே கைதான். ஒரு கையால் நம் காயை நகர்த்தி இன்னொரு கையால் அவர் காயை எடுத்தால் அது முறையற்ற நகர்த்தல். முதல் தடவை எதிராளிக்கு ஒரு நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள். இரண்டாவது தடவை ஆட்டமே போய்விடும். கடிகாரங்களை எல்லா மேஜையிலும் ஒரே பக்கமாக வைத்திருந்தார்கள். வெள்ளைக் காய் எனக்கு வந்தால் கடிகாரம் என் வலது பக்கத்தில் இருக்கும். இடது கையைப் பலகையின் குறுக்கே கொண்டுபோய் அடிக்க வேண்டும். போகிற வழியில் சிப்பாய்கள் சரிந்து விழும். அவற்றை நிமிர்த்தும் நேரமும் என் கணக்கில்தான் ஓடும். ஜெயிக்க வேண்டிய ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேரம் தீர்ந்து கைவிட்டுப் போயின. முந்தின நாள் வீட்டில் பேசிய பேச்சு எல்லாம் அடங்கிவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய சுற்றில் எனக்கு எதிரே உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சிரிப்பே இல்லாத முகம். நான் இடது கையை நீட்டியதும் ஒன்றும் யோசிக்காமல் தன் இடது கையால் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு வெள்ளை. என் வாழ்க்கையில் நான் ஆடிய நல்ல ஆட்டங்களில் அது ஒன்று என்று அந்த நேரத்தில் தோன்றியது. காய்கள் தாமாகவே நல்ல இடங்களுக்குப் போய் உட்கார்ந்தன. ஒரு கட்டத்தில் மும்முரத்தில் இரண்டு கையையும் போட்டு ஒரு சிப்பாயை வெட்டிவிட்டேன். அவர் உடனே கையைத் தூக்கி நடுவரை அழைத்தார். அவருக்கு ஒரு நிமிடம் கூடியது. என் முகம் சிவந்தது. வலது கையைப் பாக்கெட்டுக்குள் திணித்துத் தொடையோடு அழுத்திக்கொண்டேன்.

பிறகு அவருடைய யானை ஒன்று என் குதிரைக்கு வசமாக வந்து நின்றது. அதை வெட்டினால் ஆட்டம் முடிந்தது. என்னிடம் சில நொடிகள்தான் இருந்தன. இடது கையால் குதிரையைத் தூக்கினேன். அடுத்து நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வலது கை அதுவாகப் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. அதற்கு இன்னும் ஐந்து விரல் இருப்பதாக நினைப்பு. எனக்கே அந்த விரல்கள் இருப்பதுபோலத்தான் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அவருடைய யானையைக் கவ்வி எடுத்து ஓரமாக வைத்தது. இடது கை கடிகாரத்தை அடித்தது.

அவர் என் வலது கையைப் பார்த்தார். ஒரு கணம்தான். அப்புறம் கையைத் தூக்கி மறுபடி நடுவரை அழைத்தார்.

நடுவர் பெங்களூருக்காரர். கன்னடத்தில் ஆரம்பித்தவர் என் கையைப் பார்த்ததும் நிறுத்தி, தமிழுக்கு மாறினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ரூல்ஸ் சார், நான் ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா உங்களுக்குக் காய் நகர்த்த ஒரு ஆள் போட்டிருப்போமே."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த கை மேஜை மேல் எல்லோர் பார்வையிலும் கிடந்தது. எழுந்து, பந்தி நடக்கும் ஹாலுக்குப் பின்னால் கை கழுவும் இடத்துக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். விபத்து நடந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அன்று விரல்கள் மட்டும்தான் போயின. இனி என்ன இருக்கிறது, எதற்காகக் காலையில் எழுந்திருப்பது என்றெல்லாம் தோன்றியது. இதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் குழாயடியில் நின்று உயிரோடு இருப்பதே வீண் என்று நினைத்தேன். கை மட்டும் நன்றாக இருந்திருந்தால் ஜெயித்திருப்பேனே என்ற ஒரே நினைப்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், அந்தப் பெண் பந்தி மேஜை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பையிலிருந்து ஒரு மடக்குப் பலகையை எடுத்துக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யானையை வெட்டிய அந்த நிலை, ஒரு காய் பிசகாமல். என்னைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. எனக்கும் அப்படித்தான். நீ சொல்லு, உன் காயையும் நானே நகர்த்துகிறேன் என்று சைகையும் சொல்லுமாகச் சொன்னார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாவம் பார்த்து ஜெயிக்க வைக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் உட்கார்ந்தேன். ஜெயித்துக் காட்டிவிட்டாவது எழுந்து போகலாம் என்று ஒரு அற்ப ஆசை.

அவர் ராணியைக் கொண்டுவந்து செக் வைத்தார். ராஜாவை ஒதுக்கச் சொன்னேன், ஒதுக்கினார். மந்திரியைச் சும்மா கொண்டுவந்து என் வாயில் வைத்தார். வெட்டச் சொன்னேன், வேறு வழியும் இல்லை. அடுத்த செக்கில் என் ராஜாவுக்கு நகர இடமில்லை. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை என் ராஜாவுக்குக் காவலாக நின்றது அந்தக் குதிரைதான். யானைக்கு ஆசைப்பட்டு அதை நானே அங்கிருந்து கிளப்பியிருக்கிறேன். யானை எனக்கு வசமாக வந்து நிற்கவில்லை, அவர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

மறுபடி அடுக்கச் சொன்னேன். வேறு வழியில் போய்ப் பார்த்தேன். அதிலும் தோற்றேன்.

அவர் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். ஆறுதல் சிரிப்பு இல்லை. ஜெயித்த சந்தோஷம், பச்சையாக. என் குதிரை போன கட்டத்தில் விரலால் தட்டி, இது மோசமான ஆட்டம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அது இருந்திருக்க வேண்டிய இடத்தையும் தட்டிக் காட்டினார். பிறகு பலகையை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆறிப்போன சாம்பார் சாதத்தை ருசித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் மிச்சச் சுற்றுகளை ஆடவில்லை. கை இல்லாததால் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் போய்விட்டது. அழுவதற்கு இருந்த ஒரே சாக்கையும் அவர் பறித்துக்கொண்டார். மண்டப வாசலில் வந்து நின்றேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி வந்தாள். என்னைப் பார்த்தவுடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முறையற்ற நகர்த்தலில் ஆட்டம் போனதைச் சொன்னேன்.

"கை நல்லா இருந்திருந்தா நீங்கதாங்க ஜெயிச்சிருப்பீங்க" என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் இருவருக்குமே அது நிம்மதியாக இருந்திருக்கும்.

"இல்ல. கை இருந்திருந்தாலும் தோத்துதான் போயிருப்பேன். நான் தப்பா ஆடிட்டேன்" என்றேன்.

அவள் பஸ் ஸ்டாண்டு போகும் வரை என் வலது பக்கமாகவே நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் நான் பெயர் கொடுக்கவில்லை. இன்றும் ஸ்டோரில்தான் இருக்கிறேன், பெரும்பாலான நாட்கள் விடிவதே பாரமாகத்தான் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு கேரம் போர்டிலும், கேன்டீன் வாக்குவாதத்திலும், வீட்டுச் சண்டையிலும்கூட எல்லோரும் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு ஜெயமும் என்னை இன்னும் கொஞ்சம் அழிக்கிறது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெயரைக்கூட எனக்குச் சரியாக உச்சரிக்க வராத அந்தப் பெண், என் கையைக் கண்ணால் பார்த்த பிறகும் என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று முழு மனதோடு ஆடினாரே, அந்தத் தோல்வி ஒன்றுதான் இத்தனை நாளில் இரக்கம் கலக்காமல் எனக்குக் கிடைத்தது.